சுவிஸிலிருந்து வந்த அப்சிந்த் போத்தலை என்ன செய்வது?

சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா 68 சதவீத மதுசாரமுள்ள அப்சிந்த் என்ற மதுப் போத்தல் ஒன்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார், அதைக் குடித்தால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள், நெருப்பு வைத்துத்தான் குடிக்க வேண்டுமா, இது முடிந்தால் இன்னொன்றை எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உருவம் எதுவும் தெரியாது, நெருப்பு வேண்டாம், வாங்குவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதுவரை, குளிர்ந்த தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் போத்தலைத் திறந்துவிடாதீர்கள்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் வசிப்பவன். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் உல்லாச விடுதிகளின் மதுக்கூடங்களில் 12 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அப்சிந்துடன் எனக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் மிக மோசமானது. அறுகம்குடாவில் ஒரு விடுதியில், அலைச்சறுக்குக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்கள் கொண்டுவந்த போத்தல் அது. வாய் கொப்பளிக்கும் மருந்தைப் போல் பச்சை நிறம். சீனிக்கட்டியை அதில் நனைத்துக் கரண்டியில் வைத்துக் கொளுத்தி, எரியும் சீனியைக் கிளாஸுக்குள் கவிழ்க்கச் சொன்னார்கள். கவிழ்த்தேன். கிளாஸ் வாய்விட்டு வெடித்தது. நீல நெருப்பு மேசைமேல் ஓடியது. என் வலக்கை மயிர் முழுவதும் கருகிப் போனது. கருகிய சீனியும் மதுசாரமும் கலந்த அந்தப் பானத்தை ஒரு வாய் குடித்தவுடன், இதற்குச் சாராயமே மேல் என்று தோன்றியது. இந்த நெருப்பு விளையாட்டு 1990களில் செக் நாட்டு மதுக்கூடங்களில் கிளம்பிய விற்பனை உத்தி என்பதும், அங்கே விற்ற பச்சைச் சாராயம் பலவற்றில் இருக்க வேண்டிய சோம்பு (பெருஞ்சீரகம் அல்ல, ஆங்கிலத்தில் அனிஸ் என்பது) போதாததால் தண்ணீர் விட்டுப் பாலாக வெளுப்பதைக் காட்ட வழி இருக்கவில்லை என்பதும் பின்னாளில்தான் தெரிய வந்தன.

இந்த மது ஒரு செடியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தாவரவியலார் ஆர்ட்டெமீசியா அப்சிந்தியம் என்று அழைக்கும் அந்தச் செடி, சாம்பல் பூத்த இலைகளுடன் ஐரோப்பாவில் வளர்வது; கசப்பில் நிலவேம்புக்குச் சளைக்காதது. மாலைகளில் இடையிடையே செருகிக் கட்டும் மருக்கொழுந்தும், சித்த வைத்தியர்கள் பயன்படுத்தும் மாசிபத்திரியும் இதே ஆர்ட்டெமீசியாப் பேரினத்தைச் சேர்ந்தவையே. இங்கே ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழ் வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வானத்திலிருந்து விழும் நட்சத்திரத்துக்கு எட்டி என்று பெயர்; மூலக் கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் அப்சிந்தொஸ். மொழிபெயர்த்தவர்கள் கசப்பை மட்டும் கருத்தில் கொண்டு, நமக்குத் தெரிந்த கசப்பு மரத்தின் பெயரைப் போட்டார்கள். அதனால்தானோ என்னவோ, இதை "எட்டிச் சாராயம்" என்று ஒருவர் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். எட்டிக்கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. அதற்கும் இந்த மதுவுக்கும் எந்த உறவும் இல்லை. யாராவது எட்டியைச் சாராயத்தில் ஊறவைத்துப் பரீட்சித்துப் பார்க்க நினைத்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

அந்தக் கசப்புச் செடியோடு சோம்பும் பெருஞ்சீரகமும் சேர்ந்தால்தான் அப்சிந்த். மூன்றையும் கடுமையான மதுசாரத்தில் ஊறவைத்து வடிப்பார்கள். கசப்புப் பொருள் ஆவியாகாமல் பெரும்பாலும் வடிகலத்திலேயே தங்கிவிடுவதால், வடிந்து வருவதில் வாசனையே மேலோங்கி நிற்கும். ஆகவே நல்ல அப்சிந்த் வாயைக் கோணச் செய்யும் அளவுக்குக் கசக்காது. வடித்ததை அப்படியே போத்தலில் அடைத்தால் நிறமற்ற வகை. ஈசோப்பு, எலுமிச்சை வாசமுள்ள மெலிசா, அப்சிந்துச் செடியின் சின்னத் தங்கை ஒன்று ஆகியவற்றை அதில் மறுபடி ஊறவைத்தால் இலைப்பச்சையம் இறங்கிப் பச்சை வகை. குழந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கிரைப் வோட்டரின் மணம் உங்கள் நினைவில் இருந்தால், மூடியைத் திறந்தவுடன் என்ன மணக்கும் என்பதில் பாதியை இப்போதே அறிந்துவிட்டீர்கள்.

பிரமை பற்றிய கதைக்கு வருகிறேன். அந்தச் செடியின் எண்ணெயில் துஜோன் என்றொரு பொருள் உண்டு. மூளையில் நரம்புத் துடிப்பை அடக்கிவைக்கும் காபா ஏற்பிகளை அது மறிப்பதால், பெருமளவில் உட்சென்றால் வலிப்பு வரும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மனநோய் மருத்துவர் வலந்தன் மான்யான் இந்தச் செடியின் எண்ணெயைப் பிராணிகளுக்குக் கொடுத்து வலிப்பை உண்டாக்கிக் காட்டி, அப்சிந்த் குடிப்பவர்களுக்கென்றே தனியொரு நோய் இருப்பதாக வாதிட்டார். எண்ணெயும் மதுவும் ஒன்றல்ல என்பதே அந்த வாதத்தின் ஓட்டை. பல நாடுகள் அப்சிந்தைத் தடை செய்வதற்கு முந்திய காலத்துப் போத்தல்கள் 13ஐத் திறந்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், லீற்றருக்கு 0.5 முதல் 48.3 மில்லிகிராம் வரை துஜோன் இருந்தது. சராசரி சுமார் 25. இன்றைய ஐரோப்பிய ஒன்றிய விதியும் இத்தகைய பானங்களில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. அந்த அளவில் துஜோன் உங்களைத் தொடுவதற்கு நெடுநேரம் முன்பே மதுசாரம் உங்களை நிலத்தில் படுக்க வைத்துவிடும். பயப்பட வேண்டியது 68 என்ற எண்ணுக்கு. நம் கடைகளில் விற்கும் தென்னஞ்சாராயத்தைப் போல் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஊரில் சிலர் சாராயத்தை ஒரே மடக்கில் விழுங்கி இறால் பொரியலைக் கடிப்பதைப் போல இதைச் செய்தால் தொண்டை புண்ணாகும். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. தனியாக விற்கும் அப்சிந்துச் செடி எண்ணெயை வாங்கிக் கலக்கவும் வேண்டாம்; இணையத்தில் வாங்கிய அந்த எண்ணெயை 10 மில்லிலீற்றர் அளவில் அப்சிந்த் என்று நினைத்துக் குடித்த அமெரிக்கர் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்த சம்பவம் 1997இல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

இத்தனை கெட்ட பெயர் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிஸின் நியூசத்தேல் மாநிலத்தில் வால்-டி-த்ராவெர் பள்ளத்தாக்கிலுள்ள கூவே கிராமத்தில் 1797இல் முதல் வடிசாலை எழுந்தது; 1805இல் பெர்னோ குடும்பம் எல்லைக்கு அப்பால் பிரான்ஸின் பொந்தார்லியே நகரில் பெரிய ஆலையைத் தொடங்கியது. அல்ஜீரியாவில் போரிட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் தடுப்பென்று கொடுத்தார்கள்; அவர்கள் ஊர் திரும்பியபோது பழக்கமும் கூடவே வந்தது. பிறகு திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்து வைன் விலை ஏற, ஏழைகளும் இதன் பக்கம் திரும்பினார்கள். மயில்துத்தம் என்ற நச்சு உப்பால் பச்சையாக்கிய மலிவுச் சரக்குகளும் சந்தையில் பெருகின. கசிப்பின் கதையைத் தெரிந்த நமக்கு அதன் விளைவுகளை விளக்க வேண்டியதில்லை. 1905 ஓகஸ்ட்டில் சுவிஸில் ஜான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி, கர்ப்பிணி மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார். அன்று அவர் போத்தல் கணக்கில் வைனும் அதற்குமேல் பிராந்தியும் குடித்திருந்தார். அப்சிந்த் இரண்டே கிளாஸ். பழி முழுவதும் அந்த இரண்டு கிளாஸின் தலையில் விழுந்தது. சுவிஸ் 1910இலும் அமெரிக்கா 1912இலும் பிரான்ஸ் 1915இலும் தடை செய்தன. சுவிஸில் தடை நீங்க 2005 ஆகிவிட்டது; இடைப்பட்ட காலமெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுச் சமையலறைகளில் நிறமற்ற வகையைக் களவாக வடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இனி, குடிக்கும் முறை. என் மச்சான் நியூசத்தேலில் வேலை செய்கிறார். அவர் ஒரு முறை கொண்டுவந்த 53 சதவீதப் போத்தலைத்தான் நான் முதல்முதலாக ஒழுங்காகக் குடித்தேன். துளையிட்ட கரண்டியும், சொட்டுச் சொட்டாக விடும் குழாய் வைத்த கண்ணாடித் தண்ணீர்க் கலமும் அங்கே மேசையில் இருக்குமாம். எங்களிடம் இரண்டும் இல்லை. கரண்டிக்குப் பதிலாக முள்ளுக்கரண்டியைக் கிளாஸின் வாயில் குறுக்கே வைத்து அதன்மேல் சீனிக்கட்டி ஒன்றை வைத்தோம். தண்ணீருக்கு மாமியின் பித்தளை மூக்குப்பேணியை இறக்கினோம். மச்சான் மூக்குப்பேணியைப் பார்த்து, சுவிஸ்காரர் நூறு பிராங் கொடுத்து வாங்கும் சாமானைவிட இது நல்லதென்றார். அவர் சொன்னது சரி: அதன் மூக்கு, கை பழகியவருக்கு நூல்போலவும் விடும், சொட்டாகவும் விடும்.

கிளாஸில் 30 மில்லிலீற்றர் அப்சிந்த் போதும். ஐஸ் போட்டுக் குளிரவைத்த தண்ணீரை, ஐஸ் கட்டி விழாமல், சீனியின்மேல் சொட்டவிட வேண்டும். முதலில் சீனி நனைந்து ஒரு பக்கமாகச் சரியும். பிறகு கரைந்த பாகு அடியில் இறங்கும் இடத்தில் எண்ணெய்க் கோடுகளைப் போல் ஏதோ நெளியும். அந்த நெளிவு புகையாகி, புகை பாலாகிக் கீழிருந்து மேலே ஏறும். மேலே மெல்லிய பச்சைப் பட்டி ஒன்று மட்டும் தெளிவாக மிஞ்சியிருக்கும். அதுவும் மறையும் வரை விட்டு நிறுத்துங்கள். எங்கள் கணக்கில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் பிடித்தது. மூன்று முதல் ஐந்து வரை உங்கள் விருப்பம். உங்கள் 68 சதவீதப் போத்தலில் 30 மில்லிலீற்றருக்கு 120 தண்ணீர் விட்டால் அது 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைந்து வைனின் அளவுக்கு வந்துவிடும். ஆனால் கிளாஸுக்குள் இருக்கும் மதுசாரம் அதே 16 கிராம்தான் என்பதை மறக்கக் கூடாது. இரண்டோடு நிறுத்துவது என் பழக்கம். அன்று பாலம் கடந்து வாகனம் ஓட்டும் வேலை எதையும் வைத்துக்கொள்வதில்லை.

அந்தப் பால் நிறத்தைப் பார்த்த என் மனைவி "டெட்டோல்" என்றாள். அவள் சொன்னதில் விஞ்ஞானமே இருக்கிறது. டெட்டோலைத் தண்ணீரில் விட்டால் வெளுப்பதும் இது வெளுப்பதும் ஒரே காரணத்தால்தான்: மதுசாரத்தில் கரைந்திருக்கும் எண்ணெய், தண்ணீர் கூடியவுடன் கரைந்திருக்க முடியாமல் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. இங்கே அந்த எண்ணெய், சோம்பிலும் பெருஞ்சீரகத்திலும் உள்ள அனெத்தோல். துளிகள் பிரியும்போதே அதுவரை அடங்கியிருந்த வாசனைகளும் வெளியே வருகின்றன. மெதுவாக விடச் சொல்வது அவற்றை ஒவ்வொன்றாக முகர்வதற்காகத்தான். சீனி கட்டாயமில்லை, நிறமற்ற வகைக்கு நான் போடுவதே இல்லை.

வாங்குவதென்றால், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ சாதாரண மதுக்கடைகளில் நான் இதைக் கண்டதில்லை. தவறணையில் கேட்டால் சிரிப்பார்கள். சித்தப்பாவிடமே மறுபடி சொல்லியனுப்புங்கள். ஆனால் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை விமானத்தில் பொதியிலும் கைப்பையிலும் கொண்டுவர அனுமதியில்லை. 72, 74 என்று எழுதிய போத்தல்களைக் கடையில் வாங்கி விமான நிலையத்தில் பறிகொடுத்தவர்கள் உண்டு. 53 முதல் 68 வரை கேளுங்கள். நமது சுங்கம் வரியில்லாமல் விடும் அளவையும் அவர் புறப்படும்முன் பார்த்துக்கொள்ளட்டும். போத்தலில் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள்: வடித்தது என்ற பொருளில் பிரெஞ்சில் "திஸ்தில்லே" என்று இருந்தால் நல்லது; E102, E133 என்று இருந்தால் அந்தப் பச்சை சாயம், நமது சர்பத்தில் இருப்பதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னது மட்டுமே அப்சிந்த் என்ற பொது வரைவிலக்கணம் இல்லாததால், எந்தப் பச்சைச் சாராயத்துக்கும் அந்தப் பெயரை ஒட்டி விற்கலாம். துஜோன் அதிகம் என்று பெருமையடிக்கும் போத்தலையும், மண்டையோடு வரைந்த போத்தலையும் நான் தொடமாட்டேன். வால்-டி-த்ராவெரில் வடித்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் அனெத்தோல் படிகமாகிவிடும். வெயில் படாத அலுமாரித் தட்டு போதும். சில மாதங்களில் பச்சை மங்கி வாடிய இலையின் நிறத்துக்கு வந்தால் கெட்டுவிட்டதென்று ஊற்றிவிட வேண்டாம், நிறம் இலையிலிருந்து வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. மூக்குப்பேணியை மட்டும் அன்றிரவே புளி போட்டுத் தேய்த்து வைத்துவிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யாததால், மறுநாள் காலையில் அதில் தண்ணீர் குடித்த மாமி, இதில் யார் பெருஞ்சீரகம் ஊறப்போட்டது என்று வீடு முழுவதும் விசாரித்துக்கொண்டு திரிந்தார்.