மாத்திரை பத்து நாளுக்குத்தான் கிடைக்கிறது, யாரைக் கேட்பது?

அந்தியூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமியாருக்குச் சர்க்கரையும் பிரஷரும். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாதத்துக்குக் கொடுத்த மாத்திரையை, இரண்டு மாதமாகப் பத்து நாளுக்குத்தான் தருகிறார்களாம். டவுன் பெரியாஸ்பத்திரியில் போய்ச் சொன்னால், அது எங்கள் பொறுப்பில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "அப்ப யாருகிட்டத்தானுங்க கேக்கறது?" என்கிறார்.

பெரியாஸ்பத்திரியில் சொன்னது உண்மைதான். ஆனால் எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், அதில் எனக்கு வருத்தம் உண்டு. பர்கூர் மலையில் இருந்து இறங்கி வருகிற ஒருவருக்கு இந்த ஒரு அலைச்சலிலேயே ஒரு நாள் கூலி போய்விடும்.

நமக்கு எல்லாம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான், ஆனால் நிர்வாகம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பெருந்துறை மாதிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மருத்துவக் கல்வி இயக்குநரகம், அங்கே டீன்தான் பொறுப்பு. தாலுகா ஆஸ்பத்திரியும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், மாவட்டத்தில் அதற்கு இணை இயக்குநர். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் பொது சுகாதாரத் துறை.

அதனால் உங்கள் வழி இதுதான். முதலில் அங்கேயே மருத்துவ அலுவலரைப் பாருங்கள், மருந்தாளுநர் சன்னலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். அவர் மேல் வட்டார மருத்துவ அலுவலர், அதற்கும் மேல் ஈரோட்டில் மாவட்ட சுகாதார அலுவலர், முன்பு துணை இயக்குநர் என்பார்களே, அவர்தான். மனுவில் மாத்திரை பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தார்கள் என்று எழுதி, மாத்திரை விவரம் எழுதித் தரும் நோட்டுப் புத்தகத்தின் நகலையும் வையுங்கள். வெறுமனே "மருந்து இல்லை" என்று எழுதினால் அவர்களாலும் ஒன்றும் தேட முடியாது. ஏனென்றால் மருந்து வாங்குவது மேலே சொன்ன மூன்று துறைகளுமே இல்லை, 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் மாவட்டக் கிடங்கில் இருந்துதான் ஒவ்வொரு நிலையமும் கேட்டு வாங்குகிறது. கிடங்கிலேயே இல்லையா, இல்லை இங்கே கேட்டு எழுதவில்லையா என்பதை மாவட்ட அலுவலகம் பார்த்துவிடும். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம்.

அப்புறம், 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. மாமியார் பெயரை அதில் சேர்க்கச் சொல்லி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், மாத்திரை வீட்டுக்கே வரும்.

கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை: மீதி இருபது நாள் மாமியார் என்ன சாப்பிடுகிறார்? இருப்பதைப் பாதி பாதியாக உடைத்து ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனு அப்புறம் எழுதலாம், இன்றைக்கே அதே மாத்திரையை வெளியில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.