அம்பாசடரில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: சூடானதும் அணைவது ஏன்?

கேள்வி: 1978 அம்பாசடர் மார்க் 3, 1489 சிசி பெட்ரோல் வண்டி. காயிலின் கரன்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சிபி பாயின்ட்டை எடுத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் பாகம்) அதே வேலைக்கு எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டோம், தீப்பொறிக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலும் புதுசு. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. அரை மணி ஓடியதும் அணைந்துவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது. மாட்யூல் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். வேறு வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். புதுக் காயில் என்கிறீர்களே, சந்தேகம் முதலில் அதன் மேல்தான். வயர்களைக் கழற்றிவிட்டு பிளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். (மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் அளவை அதில் கழித்துவிடுங்கள்.) சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். 1.5 காட்டினால் அது பாலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரன்ட்டைக் குறைக்கத் தொடரில் போடும் தடை) போட வேண்டிய காயில். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 13.8 வோல்ட்டில் 3 ஓம் காயில் அதிகபட்சம் 4.6 ஆம்ப் இழுக்கும், 1.5 ஓம் காயில் 9.2 ஆம்ப். அவ்வளவும் மாட்யூல் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. சூடாகாமல் என்ன செய்யும்? இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆன் செய்து வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

காயில் சரியென்றால் வயரிங். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வோல்ட்டேஜையும் மாட்யூலின் சிவப்பு வயரில் வரும் வோல்ட்டேஜையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் பழைய இக்னிஷன் சுவிட்சோ, துருப்பிடித்த கனெக்டரோ தின்கிறது. அதற்கு ரிலேதான் (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை ஆன் செய்யும் சுவிட்ச்) நல்ல வழி. ரிலேயில் எண் போட்ட முனைகள் இருக்கும்: 30-ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து 10 ஆம்ப் ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர், 85 எர்த், காயில் பிளஸ்ஸுக்கு இதுவரை வந்த சுவிட்ச் வயர் 86-க்கு, 87-லிருந்து காயில் பிளஸ்ஸுக்கும் சிவப்பு வயருக்கும். கருப்பு வயர் காயில் மைனஸ்ஸுக்குத்தான். கருப்பு என்றதும் எர்த் என்று நினைத்து பாடியில் மாட்டுபவர்கள் உண்டு.

இரண்டு வயர் மாட்யூலுக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் கிடைக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பேஸ் பிளேட்டையும் வெளிக்கூட்டையும் இணைக்கும் பின்னல் எர்த் வயரைக் கவனியுங்கள். இன்ஜினின் உறிஞ்சு விசை (வேக்குவம்) இழுக்கும்போதெல்லாம் பிளேட் திரும்புவதால் இது உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். பார்க்க முழுசாகத் தெரியும். இன்ஜின் ஓடும்போது பேஸ் பிளேட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. வெறும் செம்புக்கம்பி பிளக் வயர் இருந்தால் ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக மாற்றிவிடுங்கள். அதன் மின் இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, டைமிங் லைட் வைத்துப் பார்த்தீர்களா? பாயின்ட்டுக்கு வைத்த டைமிங் மாட்யூலுக்குப் பொருந்தாது. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங்கை மறுபடி வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு அணைந்தால், ஆறுவதற்குள் காயில் மைனஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் மாட்டி செல்ஃப் அடியுங்கள். விளக்கு மினுக்கினால் மாட்யூல் வேலை செய்கிறது. காயில், டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார், கேப் பக்கம் போங்கள். எரியவே இல்லையென்றால் காயில் பிளஸ்ஸில் கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்து, எர்த்தும் சிவப்பு வயரும் சரியாக இருந்தால் மட்டும் புது மாட்யூல் வாங்குங்கள்.