யார் எழுதிய கட்டுரை? – வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, பள்ளி மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். விடுமுறையில் எழுதிவரச் சொன்ன கட்டுரைகளில் பல ஒரே நடையில் இருந்தன. கண்டறியும் மென்பொருள் ஒன்றில் இட்டுப் பார்த்தேன். சிலவற்றை இயந்திரம் எழுதியது என்கிறது. சுழியம் கொடுக்கலாமா? – ஓர் ஆசிரியை

பதில்: அந்த மென்பொருளின் சொல்லை மட்டும் நம்பிக் கொடுக்க வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டு, அதன் துல்லியம் குறைவு என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. அவ்வாண்டிலேயே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. அடுத்த சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதாக இருந்தால் இக்கருவிகள் ஐயப்படுகின்றன. சொல்வளம் குறைந்தவர்களின் எழுத்து இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தமிழும் அத்தகையதே. மேலும், மாதிரிக் கட்டுரை நூல்களை வாங்கித் தந்து, முன்னுரையையும் மரபுத்தொடர்களையும் மனப்பாடம் செய்ய வைத்து, எல்லாரும் ஒரே நடையில் எழுதினால் மகிழ்ந்தவர்கள் நாம்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஐயம் எழுந்த பிள்ளையைத் தனியே அழைத்து, கட்டுரையில் உள்ள இரண்டு சொற்களின் பொருளையும், ஒரு கருத்தை ஏன் அங்கே வைத்தான் என்பதையும் கேளுங்கள். சொந்தமாக எழுதியவன் தடுமாறினாலும் ஏதாவது சொல்வான். சொல்ல முடியாதவனுக்குத் தண்டனையைவிட மறுபடி எழுதும் வாய்ப்பே பயன் தரும்.

அதைவிட முக்கியம், இடுபணியை மாற்றுவது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு வகுப்பறை மதிப்பீட்டில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடத்தை இதற்குப் பயன்படுத்தலாம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் உங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் பாடநூல் வரலாறு. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்படி இயந்திரத்திடம் நீங்களே கேட்டு, வந்ததை அச்சிட்டு வகுப்பில் கொடுங்கள். ஒவ்வொரு பெயரையும் தேதியையும் பாடநூலோடும் நூலகத்தோடும் ஒப்பிட்டு, சான்று கிடைக்காதவற்றைச் சிவப்பு மையால் அடிக்கச் சொல்லுங்கள். இந்த இயந்திரங்கள் அடுத்து வரத்தக்க சொல்லை ஊகித்து வாக்கியம் அமைப்பவை. ஆகவே பொய்யையும் மெய்யின் அதே சரளத்தோடு சொல்லும் என்பதை மாணவர்கள் தங்கள் கையாலேயே கண்டுகொள்வார்கள். பிறகு, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் சொன்னதை எழுதிவரச் சொல்லுங்கள். அதை எந்த இயந்திரத்திடமும் கேட்டு வாங்க முடியாது.

கேள்வி: நான் படிவம் 4 மாணவன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். டியூஷனுக்கு வசதி இல்லை. மலாய், ஆங்கிலக் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் காட்டித் திருத்திக்கொள்கிறேன். இது ஏமாற்று என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – ஒரு மாணவர்

பதில்: தம்பி, பட்டணத்துப் பிள்ளை பணம் கொடுத்து ஆசிரியரிடம் பெறும் உதவியை நீங்கள் கைப்பேசியில் பெறுகிறீர்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அது படிப்பா, ஏமாற்றா என்பது முடிவாகும். முதலில் நீங்களே முழுதாக எழுதுங்கள். ‘இதைச் சிறப்பாக மாற்றி எழுதிக் கொடு’ என்று கேட்காமல், ‘பிழைகளைச் சுட்டிக்காட்டி, ஏன் பிழை என்று விளக்கு, திருத்தத்தை நானே செய்கிறேன்’ என்று கேளுங்கள். இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நடக்கும் மண்டபத்தில் நீங்களும் பேனாவும் மட்டும்தான் இருப்பீர்கள். முதல் பிரதியை வைத்துக்கொண்டு, இன்ன கருவியிடம் இன்ன உதவி பெற்றேன் என்று கட்டுரையின் அடியில் ஒரு வரி எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். அப்படி எழுதக் கூச்சமாக இருக்கும் அளவுக்கு உதவி பெற்றிருந்தால், எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

இன்னொன்று: மலாயில் இக்கருவிகள் தரும் விடைகளில் இந்தோனேசிய வழக்கு கலந்துவிடுவதுண்டு, தமிழில் ஒற்றுப் பிழைகள் மலியும். மலாய்க்கு, அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் என் கைப்பேசியில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துகிறாள். அனுமதிக்கலாமா? – ஒரு தாய்

பதில்: ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விதிப்படி குறைந்த வயது 13, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும். யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டியும் வகுப்பறைப் பயன்பாட்டுக்கு 13 வயதையே கீழ் எல்லையாகப் பரிந்துரைக்கிறது. ஆகவே மகளின் கையில் தனியாகக் கொடுக்காமல், கேள்வியை அவள் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்து, விடையை இருவரும் சேர்ந்து படியுங்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை எண், பள்ளிச் சீருடையோடு எடுத்த படம் எதையும் பதிவேற்றக் கூடாது. வகுப்புத் தோழிகளின் படத்தைச் செயலியில் இட்டு மாற்றி, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்வது விளையாட்டல்ல என்பதை இப்போதே சொல்லிவையுங்கள். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் இழிவான உள்ளடக்கத்தை அனுப்புவதைக் குற்றமாகவே கருதுகிறது.

கேள்வி: ஆசிரியர்களே கேள்வித்தாளை இயந்திரத்திடம் வாங்கிவிட்டு மாணவர்களைக் கண்டிப்பது நியாயமா? – பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர்

பதில்: கேள்வித்தாள் தயாரிக்க உதவி பெறுவது தவறில்லை, படித்துச் சரிபார்க்காமல் கொடுப்பதும், மறைப்பதும் தவறு. மாணவர்களின் பெயரையும் மதிப்பெண்ணையும் அக்கருவியில் உள்ளிடுவது அதைவிடப் பெரிய தவறு. 2024 செப்டம்பரில் மலேசியா வெளியிட்ட தேசியச் செயற்கை நுண்ணறிவு நெறிமுறை வழிகாட்டியில் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புடைமையும் அடிப்படைக் கோட்பாடுகளாக இடம்பெற்றிருக்கின்றன. அவை மாணவருக்கு மட்டும் உரியவை அல்ல. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், எந்தப் பணிக்கு அனுமதி, எதற்கு இல்லை, உதவியை எப்படிக் குறிப்பிடுவது என்பதை ஆசிரியர், மாணவர் இருவருக்கும் பொதுவாக ஒரே பக்கத்தில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி தலைமையாசிரியரிடம் நீங்களே முன்மொழியலாம்.