மட்ட அரிசி, உமி, மெஷின்: பீர் காய்ச்சுவோர் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வெளிநாடு போய், அங்கே வீட்டில் பீர் காய்ச்சும் நம் ஆட்கள் கேட்டவை இவை. கடைசிக் கேள்வி மட்டும் உள்ளூர். மெஷின் என்பது தானியத்தைச் சூட்டில் ஊறவைத்து, பம்பால் நீரைச் சுற்றவிட்டு, பிறகு கொதிக்கவும் வைக்கும் மின்பாத்திரம்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த மட்ட அரிசியை (நம் ஊர்ச் சிவப்புப் புழுங்கல்) மால்ட்டோடு (முளைவிட்டு உலர்த்திய பார்லி) மெஷினில் போட்டேன். தண்ணீர் கீழே இறங்காமல் வழிந்தது, இனிப்பும் ஏறவில்லை. ஏன்? (மான்செஸ்டர்)

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். அரிசியின் மாவுச்சத்து வெந்து குழைந்தால்தான் மால்ட்டில் உள்ள நொதிகள் அதைச் சர்க்கரையாக்கும். மெஷின் பிடித்து வைப்பது 65, 66 டிகிரி. பல அரிசிகளுக்கு அது போதாது. புழுங்கல்தானே, ஏற்கெனவே வெந்ததுதானே என்று நினைக்காதீர்கள். காய்ந்ததும் அது திரும்ப இறுகிவிடும். தனிப் பாத்திரத்தில் கஞ்சியாகக் குழைய வேகவைத்து, சூடு தணிந்த பிறகு மால்ட்டோடு சேருங்கள். மொத்தத் தானியத்தில் அரிசி கால் பங்கைத் தாண்ட வேண்டாம்.

வழிந்ததற்குக் காரணம் வேறு. பார்லி மால்ட்டின் தோல்தான் அங்கே வடிகட்டி. அரிசிக்குத் தோல் ஏது? கழுவிய உமியை நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்துவிடுங்கள். (இங்கே மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடப்பதை அங்கே பொட்டலம் போட்டு விற்கிறார்கள்!) தானியம் போட்டதும் பம்பை ஓட்டாதீர்கள், பத்து நிமிடம் படிய விட்டு, பம்பின் குழாயைப் பாதி மட்டும் திறவுங்கள். தானியத்தின் நடுவே நிற்கும் குழாய் வழியாக நீர் வழிந்து இறங்கினால் அது தானியத்தைத் தொடவே இல்லை என்று பொருள். திரையில் 66 என்று காட்டும், தானியத்தின் நடுவில் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கும். பல மெஷின்களில் சென்சார் அடியில், ஹீட்டரை ஒட்டி இருப்பதுதான் காரணம். தனி வெப்பமானி ஒன்றைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பீர் கனமாக, தித்திப்பாகவே நின்றுவிடுகிறது. (நியூ ஜெர்சி)

பதில்: மெஷினில் வரும் ஒற்றைச் சூட்டுத் திட்டத்தை விடுங்கள். 63 டிகிரியில் நாற்பது நிமிடம், அப்புறம் 71இல் இருபது நிமிடம் என்று நீங்களே பதியுங்கள். முதல் படியில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடும். பீர் இலேசாக வரும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் நெயில் பாலிஷ் வாடை அடிக்கிறது சார். (சிங்கப்பூர்)

பதில்: மெஷின் வேலை கொதித்து ஆறியதோடு முடிந்தது, பீராக்குவது ஈஸ்ட். ஏல் என்ற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். நீங்கள் 30இல் வைத்திருப்பீர்கள், புளிக்கும்போது அதுவே இன்னும் சில டிகிரி ஏற்றிக்கொள்ளும். முதல் மூன்று நாள்தான் முக்கியம். பழைய ஃப்ரிட்ஜில் வெப்பக் கட்டுப்படுத்தி மாட்டுங்கள். முடியாதென்றால் நார்வேயின் க்வைக் ஈஸ்ட் வாங்குங்கள். 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும். நம் ஊர்ப் பக்கத்து வெயிலுக்கென்றே பிறந்த ஈஸ்ட், பிறந்த இடம்தான் தப்பு.

கேள்வி: பாட்டில் வெடித்தது.

பதில்: புளித்து முடியும் முன் அடைத்திருப்பீர்கள். ஹைட்ரோமீட்டர் (மீந்த சர்க்கரையைக் காட்டும் மிதவை) அளவு மூன்று நாள் மாறாமல் நின்றால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். நுரைக்காக அப்போது போடும் சர்க்கரை லிட்டருக்கு ஆறு கிராம் போதும்.

கேள்வி: மாமா லண்டனிலிருந்து மெஷின் கொடுத்துவிட்டார். பாலக்காட்டுச் சித்தூரில் வீட்டில் காய்ச்சலாமா?

பதில்: கூடாது. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) 1077இன் கேரள அப்காரி (மதுவரி) சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். எல்லையில் உள்ள கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. அந்தப் பக்கம் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் மெஷினைப் பரணில் போட வேண்டாம். கெட்டியாகக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி 65 டிகிரிக்கு ஆறவிட்டு, முளைகட்டி அரைத்த கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கலக்குங்கள். கரண்டியில் ஒட்டி நின்ற கூழ் சிறிது நேரத்தில் நீர்த்து ஒழுகும்; ஒரு மணி நேரத்தில் சர்க்கரை போடாமலே இனிக்கும். மால்ட்டில் நடப்பதும் இதுதான். கொதிக்கவிட்டுக் குடித்துவிடுங்கள். கூழை மட்டும் நேராக மெஷினில் ஊற்றாதீர்கள், அடி பிடிக்கும், பம்பு அடைத்துக்கொள்ளும். மெஷினில் வெந்நீரை வைத்து, கூழ்ப் பாத்திரத்தை அதற்குள் இறக்குங்கள்.