உழவுக்காட்டில் ஆள்காட்டி முட்டை: மாற்றி வைக்கலாமா?

கேள்வி: ஆடிப் பட்டத்துக்கு நிலக்கடலை போட மானாவாரிக் காட்டில் கோடை உழவு ஓட்டுகிறோம். நடுக்காட்டில் வெறும் தரையில் நான்கு முட்டை கிடக்கிறது. கிட்டே போனால் ஒரு பறவை கத்திக்கொண்டே தலைமேல் பாய்கிறது. முட்டையை வரப்பு ஓரம் மாற்றி வைக்கலாமா? இது விதைக் கடலையைத் தின்னுமா?

பதில்: வணக்கம் ஐயா. முட்டையைத் தொடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது ஆள்காட்டி, நம் பக்கம் ஆக்காட்டி என்போம். கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, நுனி கறுத்த சிவப்பு அலகு, கறுப்புத் தலையும் மார்பும், நெட்டையான மஞ்சள் கால் இருந்தால் சிவப்பு மூக்கு ஆள்காட்டி. கறுப்புத் தொப்பியும் மஞ்சள் சதையும் இருந்தால் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, வறண்ட காட்டில் அதுவும் உண்டு. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

விதையைப் பற்றிக் கவலை வேண்டாம். வண்டு, கறையான், எறும்பு, புழு, நத்தை இவைதான் இதன் தீனி. ஓரடி ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், நிலா வெளிச்சத்திலும் மேயும். விதைக் கடலையைக் கிளறுவது மயில், இதன்மேல் பழி போடாதீர்கள்.

மாற்றி வைத்தால் ஏன் கெடும் என்றால், அது தேடி வருவது அந்த இடத்தைத்தான். சின்னப் பள்ளம் பறித்து, பொடிக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும் சேர்த்து, கூர்முனை உள்ளே பார்க்க நான்கு முட்டையையும் அடுக்கியிருக்கும். முட்டை மண் நிறத்தில் கரும்புள்ளியோடு இருப்பதால் காக்காய்க்குச் சட்டென்று தெரியாது. வரப்பில் வைத்தால் பெரும்பாலும் பறவை வராது, கீரியும் நாயும் நடக்கிற பாதையும் அதுதான்.

ஆகவே கூட்டைச் சுற்றி நான்கைந்து தப்படி விட்டுவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். டிரைவருக்கு அடையாளமாகப் பத்தடி தள்ளி இரண்டு கல்லை வைத்தால் போதும். ஒரு காட்டில் நல்ல எண்ணத்தோடு கூட்டுப் பக்கத்திலேயே குச்சி ஊன்றித் துணி கட்டினார்கள், மறுநாள் ஒரு முட்டைகூட இல்லை, எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அப்புறம், அந்தப் பக்கத்து உழவைக் காலையிலோ சாயங்காலமோ முடித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் பறவை எழுந்து போனால் முட்டை வெந்துவிடும். நிழல் கொடுக்கத்தான் ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காருகின்றன, சில நேரம் தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டையைக் குளிரவைக்கின்றன. பாய்ந்து வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம், தலைக்கு மேலே வந்து திரும்பிவிடும். சில சமயம் சிறகு ஒடிந்ததுபோல நடித்து உங்களை வேறு பக்கம் இழுக்கும், அதன் பின்னால் போகாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அடை நான்கு வாரம். பொரித்ததும் குஞ்சு தானே நடக்கும், சீக்கிரமே கூட்டை விட்டுக் கிளம்பிவிடும், பிறகு விட்ட துண்டையும் உழுதுகொள்ளலாம், ஆடிக்கு நாள் இருக்கிறது. தாய் குரல் கொடுத்தால் குஞ்சு ஓடாமல் மண்ணோடு ஒட்டிப் படுக்கும், கால் வைக்கும் இடம் பார்த்து வையுங்கள். அதுவரை அங்கே குருணை மருந்து போடாதீர்கள். முட்டையைக் கேட்டு யாராவது வந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.