தலையாட்டும் குதிரையை வாங்கலாமா?

டிராட்டில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட மிதமான ஓட்டத்தில், ஓடும்போது குதிரை தலையை ஆட்டுகிறது, விற்பவரோ "அது பழக்கம்தான்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேராக ஓட்டச் சொல்லிப் பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில்தான் இறங்குகிறது, பாவம், வலிக்கிற காலைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது. அப்புறம் இரண்டு முன்குளம்புகளையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்து, அதற்கு மேலே கணுவின் பின்பக்கம் நாடி பலமாகத் துடித்தால், குளம்புக்குள் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். உடல்வாகு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, நீங்களே அழைத்துவரும் கால்நடை மருத்துவர் பார்க்காமல் வாங்காதீர்கள்.