பேயறைந்த இங்கிலீஷ்

கேள்வி: வேலைக்கு மனுப் போடுகிற என் மகன், கம்பெனியின் வளர்ச்சியைப் பார்த்து 'ஐ வாஸ் ஃபிளாபர்காஸ்டட்' என்று எழுதியிருக்கிறான். 'சர்ப்ரைஸ்டு' என்பதற்கு இதுதான் ஸ்டைலான வார்த்தையாம். சரியா? எங்கிருந்து வந்த சொல் இது?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இலக்கணம் சரி. வாயைப் பிளந்த இடம்தான் தப்பு.

ஃபிளாபர்காஸ்ட் என்பது சும்மா ஆச்சரியம் இல்லை. பேச்சு நின்று, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கிற நிலை. நம்மூரில் 'பேயறைஞ்ச மாதிரி நிக்கான்' என்போமே, அதற்குப் பக்கத்தில் வரும். பேய் உறவு நிஜமாகவே இருக்கலாம்: சொல்லின் பின்பாதி, திகிலில் உறைந்ததைக் குறிக்கும் 'அகாஸ்ட்' என்கிறார்கள், அதுவும் பேயைக் குறிக்கிற 'கோஸ்ட்'டும் ஒரே குடும்பம். முன்பாதி தொளதொளத்த 'ஃபிளாபி'யா, படபடக்கிற 'ஃபிளாப்'பா என்பதெல்லாம் ஊகம்தான், எந்த அகராதியும் சத்தியம் பண்ணவில்லை. யாரோ விளையாட்டாக ஒட்டவைத்த சொல் மாதிரிதான் எனக்குப் படுகிறது.

எழுத்தில் முதலில் அகப்படுவது 1772-ல், லண்டனில் வந்த 'ஆனுவல் ரெஜிஸ்டர்' என்ற ஆண்டிதழில். புதிதாகக் கிளம்பிய பேஷன் சொற்களைக் கிண்டலடிக்கிற இடம் அது. காலையிலிருந்து ராத்திரி வரை நாம் ஃபிளாபர்காஸ்டும் ஆகிறோம், 'போர்'அடித்தும் போகிறோம் என்று ஒரு வரி. ஆமாம், நம்ம 'போர் அடிக்குது'தான்! ஒரே வரியில் புதுமுகங்களாக நின்ற ரெண்டில் ஒன்று பாளையங்கோட்டை டீக்கடை வரை வந்து தமிழாகவே ஆகிவிட்டது, இன்னொன்று உங்கள் மகன் தயவில் இப்போதுதான் அம்பாசமுத்திரம் பஸ் ஏறியிருக்கிறது.

ஆச்சரியப்படுத்துவதைச் சொல்லும் இன்னொரு சொல்லான 'அஸ்டானிஷ்' இதைவிடப் பழசு. இடி இடிப்பதைச் சொல்லும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'தலையில இடி விழுந்த மாதிரி ஆயிட்டு' என்று நம் ஆட்கள் சொல்வதும் அதே இடிதான், யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். இது பெரும்பாலும் அவன் எழுதிய மாதிரி செயப்பாட்டு வினையாகத்தான் புழங்கும், 'தி நியூஸ் ஃபிளாபர்காஸ்டட் மீ' என்று நேராக எழுதினாலும் குற்றமில்லை. ஆனால் சிநேகிதனிடம் சிரித்துக்கொண்டே சொல்கிற சொல் இது, மனுவுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. எதிர்பார்க்காதது நடந்தால்தானே ஆள் ஃபிளாபர்காஸ்ட் ஆவான்? அப்போது 'உங்க கம்பெனியெல்லாம் இவ்வளவு வளரும்னு நான் கனவுலயும் நினைக்கலையே' என்றல்லவா அர்த்தம் போகிறது! மேனேஜர் படித்தால் பேயறைந்து நிற்பது அவராகத்தான் இருக்கும்.

மனு இன்னும் போகவில்லை என்றால் 'இம்ப்ரெஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள். போய்விட்டது என்றால், பதில் வருகிற வரை இந்தப் பக்கத்தை அவன் கண்ணில் காட்டாதீர்கள்.